நடுப் பொத்தானை அழுத்தும் நண்பர்களுக்கு

இணையத்தில் போக்கர் ஆடும் இளைஞர்களே, யுவதிகளே,

உங்களுக்கு உபதேசம் செய்ய ஏற்கனவே அநேகம் பேர் இருக்கிறார்கள். தருமபுத்திரரைச் சாட்சிக்கு அழைப்பவர்களும், திருவள்ளுவர் சூதுக்கென்று தனி அதிகாரமே வகுத்திருப்பதை நினைவூட்டுபவர்களும், வீட்டுப் பெரியவர்களும் உங்களிடம் சொல்லாத நீதி இனி ஒன்றும் மிச்சமில்லை. கேட்டுக் கேட்டு உங்கள் காது மரத்துப்போயிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் இன்னொரு குரலாகச் சேர நான் வரவில்லை. நீங்கள் ஆடுவது சூதல்ல, சாமர்த்தியத்தின் ஆட்டம் என்று சொல்கிறீர்கள். அந்த வாதத்தை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகு, அந்த வாதம் உங்கள் தலையில் ஏற்றிவைக்கும் கடமையை நீங்கள் நிறைவேற்றுகிறீர்களா என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள் கைப்பேசித் திரையின் அடியில் மூன்று பொத்தான்கள் இருக்கின்றன: இடப்புறம் ஃபோல்ட், நடுவில் கால், வலப்புறம் ரெய்ஸ். சீட்டை மடித்துவிட்டு ஒதுங்குவது முதலாவது. எதிராளி கட்டிய தொகைக்கு ஈடாகக் கட்டி ஆட்டத்தில் நீடிப்பது இரண்டாவது. அவர் கட்டியதற்கும் மேலே ஏற்றிக் கட்டி, தீர்மானிக்கும் சங்கடத்தை அவர் தலையில் இறக்கிவைப்பது மூன்றாவது. ஏற்றிக் கட்டுகிறவருக்கு ஜெயிப்பதற்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு: எதிராளி பயந்து மடிக்கலாம்; அவர் மடிக்காமல் தொடர்ந்தாலும் கடைசியில் தம் சீட்டே உயர்ந்ததாக இருக்கலாம். மடிக்கிறவர் ஜெயிப்பதில்லை, ஆனால் அந்தக் கணத்துக்கு மேல் அவருக்கு ஒரு பைசா நஷ்டமும் இல்லை. நடுப் பொத்தானை அழுத்துகிறவரோ அந்தக் கணத்தில் எதிராளியை விரட்டவும் இல்லை, தம் பணத்தைக் காப்பாற்றவும் இல்லை. தம் சீட்டு உயர்ந்திருக்கவேண்டும், அல்லது இனி விழுவது தமக்கு அனுகூலமாக விழவேண்டும் என்ற ஒரே நம்பிக்கையில் காசைக் கட்டுகிறார். அப்படியிருக்க, மூன்றில் எதற்கு நியாயம் காட்டுவது மிகக் கடினமோ, அதையே நீங்கள் மிக அலட்சியமாகச் செய்கிறீர்கள் என்பதுதான் உங்கள்மேல் எனக்குள்ள முதல் மனத்தாங்கல்.

உங்களில் சிலர் ஆடுவதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். எதிராளி தொகையைத் தீர்மானித்து முடிக்கவில்லை. அதற்குள் உங்கள் கட்டைவிரல் நடுப் பொத்தானுக்கு மேலே வந்து காத்து நிற்கிறது. பல செயலிகளில், 'எவ்வளவானாலும் கால்' என்று முன்கூட்டியே குறியிட்டு வைக்க ஒரு சின்னக் கட்டம்கூட உண்டு. உங்கள் முறை வருவதற்கு முன்பே அதில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த மேஜையைப் பார்க்கப் போய்விடுகிறீர்கள். சந்தையில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கும்போது விலை கேட்காமல் பையை விரிக்கிற பழக்கம் உங்களில் ஒருவருக்கும் கிடையாது; கேட்பதோடு நிற்காமல் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லியும் பேரம் பேசுவீர்கள். அந்த விவேகம் முழுவதும் இந்தச் சின்னக் கட்டத்தின் எதிரே எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? 'கால்' என்பது ஒரு கொள்முதல். பொருள், இனி வரப்போகும் ஒரு வாய்ப்பு. விலை, எதிராளி கேட்கும் தொகை. விலையையும் பொருளின் மதிப்பையும் ஒத்துப் பார்க்காமல் செய்யும் எந்தக் கொள்முதலையும் சாமர்த்தியம் என்று சொல்ல முடியாது.

ஒரு கையை எடுத்துக்கொண்டு இதைப் பிரத்தியட்சமாகவே பார்ப்போம். உங்கள் கையில் ஸ்பேட் ஏஸும் ஸ்பேட் ஆறும் இருக்கின்றன. மேஜையில் ஸ்பேட் ராஜா, டைமன் ஒன்பது, ஸ்பேட் நாலு விழுந்து, நான்காவதாகக் கிளாவர் இரண்டும் விழுந்திருக்கிறது. இன்னும் ஒரே ஒரு சீட்டு பாக்கி. அது ஸ்பேடாக இருந்தால் உங்களுக்கு ஐந்து ஸ்பேடு சேர்ந்து, பெரும்பாலும் யாராலும் வெல்ல முடியாத ஃப்ளஷ் அமைந்துவிடும். நடுவில் சேர்ந்திருக்கும் பாட் 600 ரூபாய். எதிராளி 400 கட்டுகிறார். இப்போது நீங்கள் 400 கொடுத்தால் 1,000 ரூபாய்க்கு உரிமை கோரலாம். உங்கள் பணத்தையும் சேர்த்து மொத்தம் 1,400. நானூறை ஆயிரத்து நானூறால் வகுத்தால், நூற்றுக்கு ஏறக்குறைய 28.6 தடவையாவது நீங்கள் ஜெயித்தால்தான் இந்தக் கொள்முதல் கட்டும். எத்தனை தடவை ஜெயிப்பீர்கள்? உங்கள் கண்ணில் படாத சீட்டுகள் 46. அவற்றில் ஸ்பேடுகள் 9. ஆகவே நூற்றுக்கு 19.6 தடவை. போகட்டும், எதிராளியிடம் ராஜா ஜோடிதான் இருக்கிறது, ஏஸ் விழுந்து ஜோடி சேர்ந்தாலும் ஜெயித்துவிடலாம் என்று மிகவும் தாராளமாக எண்ணிக்கொண்டு இன்னும் மூன்று ஏஸையும் சேர்த்தால், 46இல் 12, அதாவது நூற்றுக்கு 26.1. தாராளக் கணக்கிலும் விலை கட்டவில்லை. கறாரான கணக்கில் ஒவ்வொரு தடவையும் சராசரி 126 ரூபாயை நீங்கள் தானமாகக் கொடுக்கிறீர்கள்.

'ஸ்பேட் விழுந்தால் அப்புறம் இன்னும் வசூல் செய்வேனே' என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. அது நியாயமான மறுமொழிதான்; ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. அந்த 126 ரூபாயை ஈடுகட்ட, ஸ்பேட் விழும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் எதிராளியிடமிருந்து சராசரி 645 ரூபாய் அதிகமாக வரவேண்டும். அவ்வளவு பணம் அவர் முன்னால் மிச்சம் இருக்கிறதா, மேஜையில் மூன்றாவது ஸ்பேட் விழுந்ததைக் கண்ணால் கண்ட பிறகும் அவர் அதை உங்களுக்கு எடுத்துக் கொடுப்பாரா என்பதை யோசித்து, 'ஆம்' என்று மனச்சாட்சியோடு சொல்ல முடியுமானால் கட்டுங்கள். எதிராளி நானூறுக்குப் பதில் 150 மட்டும் கட்டியிருந்தாலோ, அந்த மறுமொழியே தேவையில்லை. 750 ரூபாய்க்காக 150 கொடுக்கிறீர்கள், நூற்றுக்கு 16.7 தடவை ஜெயித்தால் போதும், உங்களுக்கோ 19.6 இருக்கிறது. அந்தக் கால் ஒவ்வொன்றும் சராசரி 26 ரூபாய் லாபம் தரும். சீட்டு மாறவில்லை, எதிராளி மாறவில்லை, விழப்போகும் சீட்டின் சம்பாவிதமும் மாறவில்லை. விலை ஒன்றுதான் மாறியது. கையின் அழகைப் பார்த்துத் தீர்மானிக்கிறவர்களுக்கு இந்த இரண்டு சந்தர்ப்பங்களும் ஒன்றாகவே தோன்றும்.

இதே கையில் வலப்புறப் பொத்தானுக்கும் ஓர் இடம் உண்டு. உங்களிடம் 1,400 ரூபாய் இருந்து, எதிராளியின் 400க்கு மேலே அத்தனையையும் வைத்துவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் மடித்தால் நடுவில் உள்ள ஆயிரமும் உங்களுக்கு. அவர் மேலும் 1,000 கட்டித் தொடர்ந்தால், ஸ்பேட் விழும் அந்த ஐந்தில் ஒரு வாய்ப்பு அப்போதும் உங்களிடம் இருக்கிறது. கணக்குப் போட்டால், நூறு தடவையில் 43 தடவையாவது அவர் மடிப்பவராக இருந்தால் இந்தத் துணிவு பலிக்கும். ஆகவே ஏற்றிக் கட்டுவது வீரத்தின் அடையாளமென்று நீங்கள் நினைத்திருந்தால் அந்தப் பிரமையையும் விட்டுவிடுங்கள். அது எதிராளியின் சுபாவத்தைப் பற்றிய ஓர் அனுமானம். எதற்கும் மடியாமல் கட்டிக்கொண்டே இருக்கும் ஒருவரை மிரட்டுவதைப் போன்ற வீண்பிரயாசை வேறில்லை. அத்தகையவரிடம் நல்ல கை வரும்வரை பொறுத்திருந்து, வந்தபின் ஏற்றி ஏற்றிக் கட்டி வசூலிப்பதே யுக்தி. மறுபுறம், அரைப் பாட் அளவுக்குக் கட்டும் வெறும் ப்ளஃப் மூன்றில் ஒரு தடவை பலித்தால் போதும். முழுப் பாட் அளவுக்குக் கட்டினால் இரண்டில் ஒரு தடவை பலிக்கவேண்டும். எதிராளி எந்த ரகம் என்று கவனியாமல் ரெய்ஸை அழுத்துவதும் கண்ணை மூடிக்கொண்டு காலை அழுத்துவதும் ஒரே அலட்சியத்தின் இரண்டு பிள்ளைகள்.

இவையெல்லாம் உங்களுக்குத் தெரியாதவை அல்ல என்பதுதான் என் வருத்தத்தை அதிகப்படுத்துகிறது. உங்களில் பலர் பொறியியல் படித்தவர்கள்; பின்னக் கணக்கு உங்களைப் பயமுறுத்தாது. தெரிந்திருந்தும் ஏன் நடுப் பொத்தான் இப்படி இனிக்கிறது? 'என்னதான் வெச்சிருக்கான்னு பாத்துடலாம்' என்கிற ஆவல் ஒரு காரணம். எதிராளியின் சீட்டைப் பார்ப்பதற்காக மட்டும் கட்டும் பணம் வேடிக்கை பார்க்கும் கட்டணமே தவிர ஆட்டத்தின் முதலீடு ஆகாது. 'இவ்வளவு போட்டாச்சு, இப்ப விட முடியுமா' என்கிற பாசம் இன்னொன்று; பாட்டுக்குள் போன காசு போன கணத்திலேயே உங்களுடையது அன்று, அது மேஜைக்குச் சொந்தம், இனிக் கட்டப்போகும் காசு மட்டுமே உங்கள் ஆளுகையில் உள்ளது என்பதை மனம் ஒப்புவதில்லை. எல்லாவற்றையும்விட நுட்பமானது அகங்காரம்: மடித்தால் அவன் நம்மை ஏமாற்றிவிட்டானோ என்ற சந்தேகம் இரவெல்லாம் அரித்துக்கொண்டிருக்கும், கட்டித் தோற்றாலோ, 'துரதிர்ஷ்டம்' என்ற ஒரு சொல்லில் ஆறுதல் கிடைத்துவிடுகிறது. ஆறுதலுக்காகக் கட்டும் இந்த வாடகையை நீங்கள் எந்தக் கணக்கில் எழுதுகிறீர்கள்?

போதாக்குறைக்கு, அந்த ஐந்தில் ஒரு தடவை ஸ்பேட் விழுந்துவிடுகிறது. அன்று நீங்கள் நானூறு கொடுத்து ஆயிரம் ஜெயித்தது உங்கள் ஞாபகத்தில் கல்வெட்டாக நின்றுவிடுகிறது; மற்ற நாலு தடவையும் நீரில் எழுதிய எழுத்தாகப் போய்விடுகின்றன. நல்ல பலன் கிடைத்ததால் தீர்மானமும் நல்லதே என்று முடிவு கட்டும் இந்தத் தவற்றைத்தான், தாமே பெரிய போக்கர் ஆட்டக்காரராக இருந்த ஆனி டியூக் 2018இல் வெளியிட்ட தம் புத்தகத்தில் திரும்பத் திரும்பக் கண்டித்தார். நீங்கள் பார்க்கும் காணொளிகளும் இந்த மயக்கத்துக்கே எண்ணெய் வார்க்கின்றன. வெறும் ஏழுகளின் ஜோடியை வைத்துக்கொண்டு எதிராளியின் முழுத் தொகைக்கும் 'கால்' சொல்லிப் பிடித்துவிட்ட தீரச்செயலை லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். இரவு முழுவதும் ஒழுங்காக மடித்து, முதலுக்கு மோசமில்லாமல் எழுந்துபோன ஒருவரைப் பற்றி யாரும் காணொளி எடுப்பதில்லை.

உங்கள் தலைமுறையின் இந்த மோகத்துக்கு வித்திட்ட சம்பவம் ஒன்றுண்டு. 2003ஆம் வருஷத்து உலகப் போக்கர் போட்டியில், டென்னஸி மாநிலத்துக் கணக்கரான கிறிஸ் மணிமேக்கர், நூறு டாலருக்கும் குறைவான கட்டணத்தில் இணையத்தில் ஆடிய ஒரு தகுதிச்சுற்றின் வழியாக நுழைந்து, 25 லட்சம் டாலர் பரிசை வென்றார். அதைக் கேட்டு உலகமெங்கும் வாலிபர்கள் கணினியின் முன் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கவனிக்காத விஷயங்கள் இரண்டு. அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். மற்ற 838 பேரின் பெயர்களில் எத்தனை உங்களுக்குத் தெரியும்? இரண்டாவது, கடைசி இருவராக சாமி ஃபர்ஹாவும் அவரும் மோதியபோது எல்லாரும் இன்றும் பேசும் அந்தக் கையில், மணிமேக்கரிடம் ஒரு ஜோடிகூட இல்லை. அவர் கையிலிருந்ததை எல்லாம் துணிந்து வைத்தார், ஒன்பதுகளின் ஜோடி வைத்திருந்த ஃபர்ஹா நெடுநேரம் யோசித்து மடித்தார். சரித்திரத்தில் நின்ற அந்தக் கையை முடித்துவைத்தவை, இருப்பதை எல்லாம் வைத்த ஒரு பந்தயமும் ஒரு ஃபோல்டும்.

மனிதரின் சாட்சி போதாதென்றால் இயந்திரத்தின் சாட்சியையும் கேளுங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து நோம் பிரவுன், டுவோமாஸ் சாண்ட்ஹோம் ஆகிய இருவரும் உருவாக்கிய 'ப்ளூரிபஸ்' என்ற நிரல், 2019இல், ஆறு பேர் மேஜையில் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு பத்தாயிரம் கைகள் ஆடி வென்றது. மனிதர் ஆடிய ஒரு கையையும் பாராமல், தனக்குத்தானே ஆடி ஆடியே அது கற்றது. அப்படிக் கற்ற இயந்திரமும் நம்மவர்களில் அனுபவசாலிகள் சொல்லிவந்த ஒரு முடிவுக்கே வந்து சேர்ந்தது: ஆட்டத்தின் தொடக்கத்தில், கட்டாயமாக வைக்கப்படும் பெரிய பிளைண்டுக்குச் சமமாக வெறுமனே 'கால்' செய்து உள்ளே வருவது ஆகாத காரியம், ஏற்றிக் கட்டிக்கொண்டு வா, இல்லையேல் மடி. விதிவிலக்கு ஒருவருக்குத்தான் உண்டு: பாதித் தொகையை விதிப்படி முன்பே வைத்துவிட்ட சின்ன பிளைண்ட்காரர். காரணமும் அதுவே, அவருக்கு மட்டும் விலை பாதி.

நம்முடைய பழைய கதையிலும் இதற்கொரு பாடம் இருக்கிறது. நளன் சூதாடித் தோற்றதை எல்லாரும் சொல்கிறார்கள். அவன் மீண்டும் ஆடி ஜெயித்ததற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். விதர்ப்பத்துக்குப் போகும் வழியில் ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் அயோத்தி மன்னன் இருதுபர்ணன் பார்த்த மாத்திரத்தில் கணக்கிட்டுச் சொல்ல, நளன் தேரை நிறுத்தி, எண்ணிப் பார்த்தே அதை ஒப்புக்கொண்டான் என்றும், அந்த எண்ணும் வித்தையோடு சேர்ந்த அட்ச ஹிருதயம் என்ற பகடை வித்தையைப் பெற்றபின்பே அவனைப் பிடித்திருந்த கலி விலகிற்று என்றும் மகாபாரதத்து வனபர்வம் சொல்கிறது. எண்ணத் தெரியாதவரை அவன் சூதாடி. எண்ணக் கற்றபின் ஆட்டக்காரன்.

உங்களில் நன்கு கற்றவர்கள் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும்: 'எப்போதும் மடித்துக்கொண்டே இருந்தால் எதிராளி எங்களை மிரட்டியே பிழைத்துவிடுவானே?' உண்மை. மிரட்டுவது ஆட்டத்தின் களங்கம் அன்று, அதன் அங்கம் என்பதை ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் 1944இலேயே கணித முறையில் காட்டிவிட்டார்கள். அரைப் பாட் கட்டும் எதிராளிக்கு நீங்கள் மூன்றில் ஒரு தடவைக்கு மேல் மடித்தால், கையில் ஒன்றுமில்லாமலே அவர் லாபம் பார்ப்பார். ஆகவே அவர் ப்ளஃப் செய்கிறார் என்று கருதிக் கட்டும் காலும் சாஸ்திரோக்தமானதே. ஆனால் அப்போதும் விலையைக் கேட்டே ஆகவேண்டும்: கடைசிச் சுற்றில் முழுப் பாட் அளவுக்குக் கட்டுகிறவரிடம் மூன்றில் ஒரு தடவையாவது நீங்கள் ஜெயிக்கவேண்டும். அவர் ஆரம்பத்திலிருந்து ஆடிய முறையில், எந்தெந்தக் கைகளை வைத்துக்கொண்டு இப்படிக் கட்டியிருப்பார், அவற்றுள் நிறைவேறாமல் போன கைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, மூன்றில் ஒன்றுக்குமேல் தேறினால் கட்டுங்கள். 'இவன் மூஞ்சியே சரியில்லை' என்பது நேரில் ஆடுகிறவருக்காவது ஒரு காரணமாகலாம்; முகமே தெரியாத இணையத்தில் அது வெறும் கோபத்தின் இன்னொரு பெயர்.

'பதினைந்து விநாடிக்குள் இத்தனை கணக்கா?' என்றும் கேட்பீர்கள். தேவையானது மிகவும் சொற்பம். எதிராளி கால் பங்கு பாட் கட்டினால் ஆறில் ஒன்று, அரைப் பங்கு கட்டினால் நாலில் ஒன்று, முழுப் பாட் கட்டினால் மூன்றில் ஒன்று ஜெயிக்கவேண்டும். உங்களுக்கு உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கினால், அடுத்த ஒரு சீட்டில் நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். நாலு வரி வாய்ப்பாடு. இதற்கும் அவகாசம் இல்லையென்றால், அவகாசத்தைத் தின்றவை நீங்கள் ஒரே சமயத்தில் திறந்து வைத்திருக்கும் நாலு மேஜைகள். நேரில் ஆடும் மேஜையில் மணிக்கு முப்பது கை ஆடினால் அதிகம். இணையத்தில் ஒரு மேஜையிலேயே அதைப்போல் இரண்டு மடங்கு ஓடும். நாலு மேஜை என்றால் இருநூறைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் உங்கள் தவறுகளும் அதே பெருக்கத்தில் நடக்கின்றன. அதோடு, ஜெயித்த பாட்டிலிருந்து நிர்வாகம் நூற்றுக்கு ஐந்து போல ஒரு வரம்புக்குட்பட்டு எடுத்துக்கொள்ளும் ரேக்கை நினையுங்கள்: சம சாமர்த்தியம் உள்ள ஆறு பேர் காலம் முழுவதும் ஆடினால் ஆறு பேரும் தோற்பார்கள். முதல் மூன்று சீட்டு விழாமலே முடிந்த கைக்குப் பெரும்பாலான இடங்களில் ரேக் கிடையாது. சும்மா கட்டிக்கொண்டு உள்ளே வந்து ஃப்ளாப் பார்ப்பதற்கு அந்த வரியும் ஒரு கூலி. ஆறு பேர் மேஜையில் நிதானமான ஆட்டக்காரர் ஏறக்குறைய நாலில் மூன்று கைகளை ஆரம்பத்திலேயே மடித்துவிடுவது சோம்பலால் அன்று.

இனி, நான் தொடக்கத்தில் சொன்ன கடமைக்கு வருகிறேன். ரம்மியைச் சாமர்த்தியத்தின் ஆட்டம் என்று 1960களில் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஆதாரமாகக் கொண்டு, போக்கரும் அவ்வாறே என்று நிறுவனங்கள் உங்கள் பெயரால் வழக்காடின. தமிழ்நாட்டு அரசின் தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நீங்கள் மகிழ்ந்தீர்கள். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்று அரசு 2025இல் விதி வகுத்தபோதும், அதை அதே நீதிமன்றம் ஜூனில் ஆமோதித்தபோதும் உங்கள் சுதந்திரம் பறிபோவதாகக் குமுறினீர்கள். தோற்ற பணத்தைத் துரத்திக்கொண்டு, நீங்களே 'டில்ட்' என்று அழைக்கும் அந்தச் சித்தப்பிரமையில், ஒருவர் விலை கேளாமல் கட்டுவது பெரும்பாலும் அந்த ஐந்து மணி நேரத்தில்தான் என்பது உங்களுக்கே தெரியும். பிறகு 2025 ஆகஸ்டில், சாமர்த்தியமா அதிர்ஷ்டமா என்ற பேதமே பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. சாமர்த்தியம் என்ற வாதத்தை வக்கீல்கள் நன்றாகவே சொன்னார்கள். அதை மெய்ப்பிக்கவேண்டியது மேஜையில் உட்கார்ந்த நீங்கள். 'எவ்வளவானாலும் கால்' என்ற கட்டத்தில் விழும் ஒவ்வொரு டிக்கும் அந்த வாதத்துக்கு எதிரான சாட்சியம்.

அந்தச் சட்டம் தண்டிக்க முற்படுவது நடத்துகிறவர்களையே, ஆடுகிறவர்களை அன்று என்று தைரியம் கொண்டு, உங்களில் சிலர் அயல்நாட்டுத் தளங்களுக்குக் கொல்லைப்புற வழியாகப் போகத் தொடங்கியிருக்கிறீர்கள். அங்கே உங்கள் கணக்கில் காட்டப்படும் மிச்சம், திரையில் தெரியும் ஓர் எண் மாத்திரமே. 2011 ஏப்ரல் 15ஆம் தேதி அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் தளங்களின்மேல் வழக்குத் தொடுத்து அவற்றின் முகவரிகளைக் கைப்பற்றியபோது, 'ஃபுல் டில்ட்' தளத்தில் பணம் வைத்திருந்த அமெரிக்க ஆட்டக்காரர்கள் அதைத் திரும்பக் காண 2014 வரை காத்திருக்க நேர்ந்தது. வல்லமை பொருந்திய ஓர் அரசின் பிரஜைகளுக்கே அந்தக் கதி என்றால், நம் நாட்டில் தடைப்பட்ட ஆட்டத்தை எங்கோ ஒரு தீவில் பதிவான நிறுவனத்தோடு ஆடும் நீங்கள், பணம் நின்றுபோனால் எந்த வாசலில் போய் நிற்பீர்கள்? இதுவும் விலை கேளாமல் அழுத்தும் நடுப் பொத்தானே.

ஆகவே உங்களிடம் என் விண்ணப்பம் இது. இந்தியாவில் இருப்பவர்கள் காசில்லாச் சில்லுகளைக் கொண்டும், நண்பர்களுக்குள் புள்ளிக் கணக்கு வைத்தும் மட்டும் ஆடுங்கள். அனுமதி உள்ள தேசங்களில் வாழ்பவர்கள், போனால் போகட்டும் என்று மாதத் தொடக்கத்திலேயே ஒதுக்கிய தொகைக்கு மேல் ஒரு காசும் எடுக்காதீர்கள். எங்கே ஆடினாலும், முன்கூட்டியே கால் செய்யும் அந்தக் கட்டத்தை இன்றே மறந்துவிடுங்கள். ஒரு மேஜைக்குமேல் திறக்காதீர்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒரு மாத காலத்துக்கு, நீங்கள் செய்த கால்களை மட்டும் அதில் எழுதிவாருங்கள். பத்திகள் நாலு போதும்: நடுவில் இருந்த தொகை, கேட்ட விலை, உங்களுக்கிருந்த வாய்ப்பு, கட்டியதற்குக் காரணம். ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பதை எழுதவேண்டாம். அது உங்கள் தீர்மானத்தின் குணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆடும்போதே எழுத நேரமில்லாவிட்டால், செயலியே சேமித்து வைக்கும் கைகளின் பதிவைப் பார்த்து மறுநாள் காலை எழுதுங்கள். காரணப் பத்தியில் மட்டும், அந்தக் கணத்தில் மனத்தில் ஓடியதையே ஒளிக்காமல் எழுதுங்கள்.

மாத முடிவில் அந்த நோட்டை உங்கள் வீட்டில் கணக்குத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, விலைக்குத் தக்க வாய்ப்பு இருந்த கால்கள் எத்தனை, 'பாத்துடலாம்' என்றும் 'விட மனசு வரல' என்றும் எழுதப்பட்டவை எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். முந்தியவை மிகுந்திருந்தால், நீங்கள் ஆட்டக்காரர் என்பதை நான் மட்டுமல்ல, உங்கள் வீட்டாரும் ஒப்புக்கொள்வார்கள். பிந்தியவை மிகுந்திருந்தால், சாமர்த்தியத்தின் பெயரால் இனிப் பேசாமல், உங்கள் கணக்கை மூடிவிட்டு மேஜையை விட்டு எழுந்துவிடுங்கள். எந்தச் சட்டமும் வந்து எழுப்பும்வரை காத்திராதீர்கள். நீங்கள் நம்பும் வாதத்தின்படியே உங்களிடம் கேட்கிறேன். இதற்கு உடன்பட மறுப்பதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருக்குமானால், அதையும் அந்த நாலாவது பத்தியில் எழுதி, நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் ஒருவர்